புத்தளக் கரையில் சிறு துவக்கு

கொழும்பிலிருந்து கடலோரப் பெருந்தெரு வழியாக வடக்கு நோக்கிச் செல்பவர், சிலாபத்தைக் கடந்த சிறிது நேரத்திலே நிலத்தின் தோற்றம் மாறுவதைக் காண்பார். தென்னந்தோட்டங்கள் தொடர்கின்றன, ஆனால் அவற்றுக்கு இடையே வானம் அகன்று தெரிகின்றது. இடப்புறத்திலே முந்தல் வாவியின் நீர் மின்னுகின்றது. வலப்புறத்திலே சேனைகளும் முட்பற்றைகளும் பரந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 130 கிலோமீற்றர் சென்றால் பாலாவியின் உப்பளங்களும் புத்தளம் நகரும் வந்து சேரும். வாவிக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு ஒரு நீண்ட கைபோலக் கிடக்கின்றது. வடக்கே கலா ஓயாவைத் தாண்டினால் வில்பத்துக் காடு. மழைநீர் தங்கும் இயற்கைக் குளங்களை அங்கே ‘வில்லு’ என்பர். அந்த வில்லுகளே காட்டுக்கும் பெயரைக் கொடுத்தன.

நீர், காடு, தோட்டம் ஆகிய மூன்றும் கலந்த இந்தக் கரையிலே வீட்டில் ஒரு துவக்கு இருப்பது முன்னாளில் வியப்புக்குரிய செய்தியன்று. சேனைக்காரனிடம் இடியன் துவக்கு இருந்தது. வசதி படைத்தவரிடம் இரட்டைக் குழல் துவக்கு இருந்தது. சில தோட்டத்து வீடுகளிலே, அலுமாரியின் மூலையில், மெலிந்த குழலுடன் சிறு ரைபிள் ஒன்றும் இருந்தது. ‘பொயின்ற் ரூ-ரூ’ என்று அதனை அழைத்தார்கள். பொழுதுபோக்காகத் திறந்த வெளியிலே சுட்டு மகிழ்வதற்கு ஏற்றது என்று உலகெங்கும் பெயர் பெற்ற துவக்கு அது. அந்தச் சிறு துவக்கு மனிதனுக்குத் தந்த இன்பம் எத்தகையது, அந்த இன்பத்துக்கு அவன் கொடுக்க வேண்டிய விலை யாது என்பதைச் சிறிது சிந்திப்பது பயனுடையது.

முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். குழலின் உட்குறுக்களவு ஓர் அங்குலத்தின் நூற்றில் 22 பங்கு. அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீற்றர். பெரிய துவக்குகளின் தோட்டாவிலே, அடிவட்டத்தின் நடுவில் தீமூட்டும் மருந்து தனியாகப் பொதிந்திருக்கும். இந்தச் சிறு தோட்டாவிலோ, அந்த மருந்து அடிவட்டத்தின் விளிம்புக்குள்ளேயே சுற்றிவரப் பூசப்பட்டிருக்கும். துவக்கின் ஊசி விளிம்பை அடித்து நசுக்கியவுடன் மருந்து தீப்பற்றும். ஆகவேதான் இதற்கு ‘ரிம்பயர்’, அதாவது விளிம்பிலே தீப்பற்றுவது, என்ற பெயர் வந்தது. விளிம்பு நசுங்குமாறு கூடு மெல்லியதாக இருக்கவேண்டும். அதனால் இதிலே பெரும் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை இல்லை. வெடி சிறிது; தோளிலே உதைப்பு இல்லையென்றே சொல்லலாம்; ஓசையும் குறைவு. தோட்டாவின் விலையும் ஏனையவற்றைவிட மலிவு.

இதன் வரலாறு வீட்டு வரவேற்பறையில் தொடங்குகின்றது. 1845ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் துவக்குத் தொழிலாளர் லூயி நிக்கொலா புளோபேர் என்பவர், வீட்டுக்குள்ளேயே குறி வைத்து விளையாடுவதற்காக மிகச் சிறிய தோட்டா ஒன்றை அமைத்தார். 1857இல் அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் அதே வழியில் தன் முதலாவது சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் இன்றுவரை வழங்கும் ‘லோங் ரைபிள்’ தோட்டாவை உருவாக்கியது. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்த காலத்திலே, தங்கள் படைவீரரைவிட அந்நாட்டு விவசாயிகள் குறி தவறாது சுடுவதைக் கண்ட பிரித்தானியர், 1901இல் தொழிலாளருக்கென்று ரைபிள் சங்கங்களை ஏற்படுத்தினர். அங்கே வேலை முடிந்து வந்த தொழிலாளி கையில் எடுத்ததும் இந்தச் சிறு துவக்குத்தான். அரண்மனை வேட்டையாக இருந்த ஒன்றைச் சாதாரண மனிதனின் மாலைப்பொழுதுக்குக் கொண்டுவந்தது இது என்றால் மிகையாகாது.

இனி, நம் கரைக்குத் திரும்புவோம். 1950களில் முந்தல் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே வளர்ந்த சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். பாடசாலை விடுமுறை. வெயில் தணிந்த நேரம். தந்தை அலுமாரியைத் திறந்து துவக்கை எடுக்கின்றார். வெற்றுப் பால்மாத் தகரம் ஒன்றும் தேங்காய்ச் சிரட்டைகள் சிலவும் மணல்மேட்டின் அடியிலே வரிசையாக வைக்கப்படுகின்றன. சிறுவன் நிலத்திலே படுத்துக் குறி பார்க்கின்றான். விரல் விசையிலே படுகின்ற நேரத்தில் தந்தை தடுத்து ஒரு கேள்வி கேட்கின்றார்: “தம்பி, குறி தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?”

முதல் நாள் அந்தக் கேள்வி சிறுவனுக்கு எரிச்சலைத்தான் தரும். சிரட்டை விழவேண்டும் என்பது ஒன்றே அவனுடைய ஆவல். ஆனால் பல மாலைகள் கழிந்தபின், சிரட்டை விழுவது இன்பத்தின் ஒரு பகுதியே என்பதை அவன் உணர்கின்றான். மூச்சை மெல்ல விட்டு, பாதியிலே நிறுத்தி, விசையை இழுக்கின்றோம் என்பதே தெரியாதவாறு விரலை அழுத்தவேண்டும். அவசரப்பட்டால் குறி தவறும். கோபப்பட்டால் அதுவும் தவறும். பெரிய துவக்கிலே வெடியின் அதிர்ச்சி சுடுபவனின் பிழையை மறைத்துவிடும். சிறு துவக்கு எதனையும் மறைப்பதில்லை. கை நடுங்கினால், நடுங்கிய அளவு சிரட்டையின் பக்கத்து மணலிலே தெரிந்துவிடும்.

அடுத்த பாடம் காற்றினுடையது. கற்பிட்டிக் கரையிலே சோழகம் வீசும் மாதங்களை அறிந்தவர்களுக்கு அதன் வலிமையைச் சொல்ல வேண்டுவதில்லை. இன்று அங்கே வரிசையாகச் சுழலும் காற்றாலைகள் அதற்குச் சான்று. இந்தத் துவக்கின் ஈயக் குண்டு வழக்கமாக 2.6 கிராம் எடையே உள்ளது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, நூறு யார் தூரத்துக்குள் அதனை நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் ஒதுக்கிவிடும். இதிலே ஒரு வியப்பு உண்டு. ஒலியைவிட வேகமாகச் செல்லும் தோட்டாவே காற்றை வெல்லும் என்று எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. இந்தக் குண்டு ஒலியின் வேகத்தை மீறிப் புறப்பட்டால், வழியிலேயே அந்த வேகத்தை விரைந்து இழக்கின்றது. அந்த இழப்பினால் காற்று அதனை மேலும் ஒதுக்குகின்றது. ஒலிக்குச் சற்றுக் குறைந்த வேகத்திலே நிதானமாகச் செல்லும் குண்டே நேர்வழியிலிருந்து குறைவாக விலகும். போட்டிகளிலே தேர்ந்தவர்கள் மெதுவான தோட்டாவைத் தெரிவு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிம்பிக் போட்டியிலும் இந்தச் சிறு துவக்குக்கு இடம் உண்டு. 50 மீற்றர் தூரத்திலே வைக்கப்படும் அட்டையில், பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு தேங்காயின் கண்ணளவு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சுவப்னில் குசாலே, நின்றும் முழந்தாளிட்டும் படுத்தும் சுடும் 50 மீற்றர் ரைபிள் போட்டியிலே வெண்கலப் பதக்கம் பெற்றார். வரவேற்பறையிலே பிறந்த விளையாட்டு அவ்வளவு தூரம் வளர்ந்திருக்கின்றது.

இவ்வளவு மென்மையான துவக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் வளர்ந்தது. அது விளையாட்டுப் பொருள் என்பதே அந்த எண்ணம். சிரட்டைக்கு எட்டிய குண்டு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. தடுப்பு எதுவும் இல்லையென்றால் ஒரு மைலுக்கு மேலும் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. அத்தூரத்திலும் உயிருக்கு ஊறு செய்யலாம். தட்டையான புத்தளக் கரையிலே, பற்றைக்கு அப்பால் ஆடு மேய்ப்பவன் இருக்கலாம். வாவியிலே வலை வீசுபவன் இருக்கலாம். நீரோ இன்னும் வஞ்சகமானது. சாய்வாக நீரைத் தொடும் குண்டு அதனுள்ளே அமிழ்வதில்லை. சிறுவர் எறியும் ஓட்டுச்சில்லு தத்தித் தத்திச் செல்வதுபோல, அது நீரிலிருந்து எழும்பி, எவரும் எதிர்பாராத திசையிலே பாயும். வாவியிலே மிதக்கும் போத்தலைச் சுடுவது எளிய விளையாட்டாகத் தோன்றும். அதைப் போன்ற ஆபத்தான விளையாட்டு வேறில்லை. மணல்மேட்டின் அடியிலே சிரட்டையை வைத்த தந்தை இதனை அறிந்தவர். குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை அறியாதவன் சுடக்கூடாது. சிறு துவக்கு கற்பிக்கும் முழுப் பாடமும் இந்த ஒரு வாக்கியத்திலே அடங்கும்.

இந்தப் பாடத்தை மனிதர் மெதுவாகவே கற்றனர். 1848 முதல் நுவரெலியாவிலே குடியிருந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், இலங்கைக் காடுகளிலே தாம் வேட்டையாடிய கதைகளை 1854இலும் 1855இலும் நூல்களாக வெளியிட்டார். நமது பொன்பரப்பிப் பகுதிக்கும் அவர் வேட்டைக்காக வந்து சென்றார். யானை, மரை, மான் ஆகியவற்றுக்கு முடிவே இல்லை என்று எண்ணிய காலம் அது. நாற்பது ஆண்டுகள் கழிவதற்குள் அந்த எண்ணம் பொய்த்தது. காட்டு விலங்குகள் அருகி வருவதைக் கண்டு, 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இலங்கையிலே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் யார்? துவக்கேந்திய வேட்டைக்காரர்களே. தாம் சுடுவதற்கு விலங்கு எஞ்சவேண்டும் என்ற தன்னலம் அவர்களிடம் இருந்தது உண்மை. ஆயினும் அந்தச் சங்கமே நாளடைவில் வளர்ந்து, இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக விளங்குகின்றது. 1905இல் வில்பத்து சரணாலயமாயிற்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், 1938இல் அது தேசிய வனமாயிற்று. ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர் பரப்பிலே துவக்குச் சத்தம் நிற்கவேண்டும் என்று சட்டம் சொல்லிற்று.

வேட்டைக்காரன் காவலனாக மாறிய கதைக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. போயர் யுத்தத்திலே சிறைப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுள் எங்கல்பிரெக்ட் என்பவர் ஒருவர். பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததனால் அவர் தாயகம் திரும்ப இயலவில்லை. குறி தவறாது சுடும் இனத்திலே பிறந்த அந்த மனிதர்தான், தெற்கே யாலக் காட்டின் முதற் காவலராக 1908இல் நியமனம் பெற்றார்.

இந்தியாவிலே நடந்த மற்றொரு நிகழ்ச்சி இதனிலும் சிறியது, விளைவிலே பெரியது. பம்பாயிலே பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், காற்றுத் துவக்கினால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் கழுத்திலே மஞ்சள் நிறத் தீற்றல் ஒன்று இருந்தது. அது வழக்கமான ஊர்க்குருவியன்று என்பதைக் கண்டு, அதன் பெயரை அறிவதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குச் சென்றான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பெயரைச் சொன்னதோடு நில்லாது, சங்கத்திலே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். அந்தச் சிறுவனே பின்னாளில் பறவையியல் அறிஞராகப் புகழ்பெற்ற சாலிம் அலி. ‘ஒரு குருவியின் வீழ்ச்சி’ என்ற பொருளிலே தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு 1985இல் அவர் பெயரிட்டார். துவக்கு அவருக்குப் பறவையைக் கொடுக்கவில்லை; அதன் பெயரை அறியும் ஆவலே கொடுத்தது.

எனினும், வேட்டையை விளையாட்டாகக் கொண்டவரின் கதையோடு நின்றுவிடுவது நீதியாகாது. காட்டோரத்துச் சேனைக்காரனுக்குத் துவக்கு விளையாட்டன்று. இரவிலே பன்றிக் கூட்டம் இறங்கினால், ஓர் ஆண்டின் சோளம் ஒரே இரவில் அழியும். யானை வந்தால் குடிசையும் போகும். பங்களாவிலிருந்து வந்து கிளுவைக்கும் உள்ளானுக்கும் குறி வைத்தவரை விளையாட்டு வீரர் என்றும், பசிக்காக மான் சுட்டவனைக் கள்ள வேட்டைக்காரன் என்றும் அக்காலம் பிரித்துப் பேசியது. இந்த வேற்றுமையை ஏழை மறக்கவில்லை.

ஆனால் அந்த வறுமையிலிருந்து பிறந்த ஒரு கருவியை எவராலும் நியாயப்படுத்த இயலாது. அதுவே கட்டுத் துவக்கு. விலங்கு வரும் வழியிலே, மரத்தோடு குழலைக் கட்டி, கம்பியைக் குறுக்கே இழுத்துவிட்டு, கட்டியவன் வீட்டுக்குப் போய் உறங்குகின்றான். பன்றி வந்தாலும் வெடிக்கும். யானைக்கன்று வந்தாலும் வெடிக்கும். விறகு பொறுக்க வந்த பெண்ணின் கால் பட்டாலும் வெடிக்கும். பழத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்ற வாய்வெடியும் இதே இனத்தைச் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலே 450க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அவற்றுள் பல துவக்காலும் வாய்வெடியாலும் மின்கம்பியாலும் மாண்டவை. சுடுபவனே இல்லாத துவக்கு கட்டுத் துவக்கு. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் கேள்வி நாடு முழுவதும் மறக்கப்பட்ட ஆண்டுகளும் வந்தன. 1971 ஏப்ரலிலே தெற்கில் இளைஞர் கிளர்ச்சி எழுந்தபோது, வீடுகளில் இருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. அதன்பின் துவக்கு வைத்திருப்பது பெருமையாக அன்றி, அச்சத்துக்குரிய செய்தியாயிற்று. 1983க்குப் பின் யுத்தம். 1990 ஒக்டோபரிலே, துவக்கு முனையிலே வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தையும் கற்பிட்டியையும் அடைந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளிலே வந்து, இந்தக் கரையிலே இறங்கினர். உடுத்த உடையோடு மணலிலே இறங்கிய தாயின் கைப்பிள்ளைக்குத் ‘துவக்கு’ என்ற சொல்லின் பொருள் வேறு. வில்பத்தும் நீண்டகாலம் மூடிக் கிடந்தது; யுத்தம் முடிந்தபின் 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது.

முந்தலிலே சிரட்டைக்குக் குறி வைத்த நமது சிறுவன் இப்பொழுது எண்பதை அணுகும் முதியவர். அவருடைய துவக்கு எங்கே? பாதுகாப்புக் கருதி அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார் என்று கொள்வோம். 1916ஆம் ஆண்டின் துவக்குச் சட்டம் இன்றும் நடைமுறையிலே உள்ளது. உரிமம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பெற்ற உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். 1993ஆம் ஆண்டின் திருத்தத்தோடு பெரும்பாலான காட்டு விலங்குகளும் பறவைகளும் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிட்டன. வில்லுக் கரையிலும் வாவிக் கரையிலும் பொழுதுபோக்காகச் சுட்ட காலம் முடிந்துவிட்டது. சுடும் கலையைப் பயில விரும்பும் இளைஞருக்கு முறையான சங்கங்களும் அணை கட்டிய சுடுகளங்களும் மட்டுமே தகுந்த இடம்.

அப்படியானால் அந்த முதியவர் இழந்தது எவ்வளவு? உடப்புக்கு அண்மையிலே ஆனைவிழுந்தான் என்ற இடம் இருக்கின்றது. பழைய குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து கிடக்கும் அந்நிலம் 1997இல் சரணாலயமாயிற்று. 2001இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. மாரி காலத்தில், வடக்கே உறைபனி நாடுகளிலிருந்து கிளுவைகள் வந்து அங்கே இறங்குகின்றன. முதியவர் பேரனை அழைத்துக்கொண்டு விடியலிலே குளக்கட்டிலே அமர்கின்றார். கையிலே இரட்டைத் தொலைநோக்கி. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கின்றார். சருகு மிதிபடாமல் கால் வைக்கின்றார். மூச்சை மெல்ல விட்டு, கையை அசையாது நிறுத்துகின்றார். சிறு துவக்கு அவருக்குக் கற்பித்தவை அனைத்தும் அவரிடமே இருக்கின்றன. விசையை இழுக்கும் அந்த ஒரு கணம் மட்டுமே இல்லை.

அந்த ஒரு கணத்தின் சுவையை அறிந்தவர் அதனை இலேசாக மறக்கமாட்டார். மறந்துவிட்டதாக நடிக்க வேண்டுவதும் இல்லை. குறி வைத்த சிரட்டை துள்ளி விழுந்த மாலைப்பொழுது உண்மையான மகிழ்ச்சியே. ஆயினும், அந்த மகிழ்ச்சி குற்றமற்றதாக இருந்ததற்குக் காரணம் துவக்கின் சிறுமையன்று. சிரட்டைக்குப் பின்னால் மணல்மேடு இருந்தது. மணல்மேட்டைப் பார்க்கச் சொன்ன தந்தையும் இருந்தார். இந்த இரண்டும் இல்லாத இடத்திலே துவக்கு எவ்வளவு சிறியதாயினும் அது கொடியதே.

பேரன் தொலைநோக்கியை வாங்கிப் பார்க்கின்றான். “கிளுவை தெரிகிறது, அப்பப்பா” என்கின்றான். முதியவர் தம் தந்தையின் குரலிலே கேட்கின்றார்: “தம்பி, கிளுவைக்குப் பின்னால் என்ன தெரிகிறது?” பேரன் மறுபடியும் பார்க்கின்றான். நாணற்புதர் தெரிகின்றது. அதற்கு அப்பால் குளக்கட்டு. குளக்கட்டிலே சைக்கிளை உருட்டிக்கொண்டு, தோளிலே வலையோடு செல்லும் ஒரு மனிதர் தெரிகின்றார்.